‘நல்லா பேசணும்’ என்பது ஆசை... ‘ரெண்டு நிமிஷம் பேசணும்’ என்பது இலக்கு!

கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஷாமியானாவுக்குக் கீழே ஜமக்காளம் விரித்திருக்கும். முன்வரிசையில் மகளிர் குழுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். வரவு, செலவுக் கணக்கு வாசிக்கப்படும். ‘யாராவது ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்டுக்கொண்டே மைக் சுற்றி வரும். தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வராததைச் சொல்லியே தீர வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரியே மனசுக்குள் பேசிப் பார்த்த ஒரு பெண்மணி, மைக் பக்கத்தில் வந்ததும் தலையைக் குனிந்துகொள்வார். மைக் அவரைக் கடந்து போய்விடும்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அதே விஷயத்தை அவர் சொல்லும்போது கேட்க வேண்டுமே... என்றைக்குத் தண்ணீர் நின்றது, யாரிடம் சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒன்றுவிடாமல், கோவையாகச் சொல்வார்!

அவருக்குப் பேசத் தெரியும். நாலு பேர் பார்க்கும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனால், கூட்டத்தில் சொல்லாத கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. அடுத்த கிராம சபைவரை அந்தக் குழாய் அப்படியேதான் இருக்கும்.

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை ஒட்டியிருக்கும் கம்மாபுரம் போன்ற ஊர்களில் இந்த நாக்கு ஒட்டும் நேரம் பல இடங்களில் வருகிறது. விருத்தாசலம், பீங்கான் தொழிலுக்குப் பெயர் வாங்கிய ஊர். அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கத் தனிக் கல்வி நிறுவனமே அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி. கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் படிக்க வரும் பிள்ளைகள் பாடத்தில் தேறிவிடுகிறார்கள். வேலைக்கான நேர்காணலில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற முதல் கேள்வியிலேயே தடுமாறிவிடுகிறார்கள். சின்னதாகச் சூளை வைத்திருப்பவருக்குத் தன் சரக்கின் தரம் அத்துப்படி. பொருட்காட்சியில் வெளியூர் வியாபாரி முன்னால் நின்று அதை மூன்று நிமிஷத்தில் சொல்லச் சொன்னால், விலையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்.

‘அதெல்லாம் பிறவியிலேயே வரணுங்க’ என்பார்கள். நூறு வருஷமாக உலகம் முழுக்க நடந்துவரும் ஒரு பேச்சுப் பழக்கம், அதை ஒத்துக்கொள்வதில்லை.

ஒய்.எம்.சி.ஏ. அறையில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பில் கல்விப் பணிகளைக் கவனித்துவந்தவர் ரால்ஃப் ஸ்மெட்லி. அங்கு வரும் இளைஞர்கள் நல்ல உழைப்பாளிகள். ஆனால், ஒரு கூட்டத்தை நடத்தவோ, எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்லவோ தெரியாமல் தவித்ததைப் பார்த்தார். 1905-ல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிறு குழுவைத் தொடங்கிப் பார்த்தார். அவர் வேலை மாற்றலாகிப் போனதும் அது நின்றுபோனது. கலிஃபோர்னியாவின் சான்ட்டா ஆனா நகரில் 1924 அக்டோபர் 22-ல் அவர் மறுபடியும் தொடங்கிய குழுதான் நிலைத்தது. இன்றைக்கு 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் ‘டோஸ்ட்மாஸ்டர்ஸ்’ மன்றங்களுக்கு அதுதான் வேர். தமிழ்நாட்டு நகரங்களிலும் இலங்கையிலும் இந்த மன்றங்கள் உண்டு. 2014-ல் கோலாலம்பூரில் நடந்த இதன் உலகப் பேச்சுப் போட்டியில் முதலிடம் பிடித்த தனஞ்சய ஹெட்டியாராச்சி, இலங்கைக்காரர்.

நெடுங்காலம் பெண்களுக்கு இதில் அதிகாரபூர்வ இடம் கிடையாது. 1970-ல் ஹெலன் பிளான்சர்டு என்ற பெண்ணை உறுப்பினராகச் சேர்க்க, ‘ஹோமர்’ என்ற ஆண் பெயரில் பதிவு செய்தார்கள். 1973-ல்தான் கதவு முறைப்படி திறந்தது. அதே ஹெலன், 1985-ல் அந்த அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார்.

இந்த மன்றங்களில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக் குறித்துக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் குறித்தவர் பேசுவார், பேசியவர் குறிப்பார். பேச்சு அங்கே வளர்வதற்கு முக்கியக் காரணம் இந்தக் குறிப்புதான்.

ஒரு பேச்சு... ஒரே ஒரு இலக்கு!

டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த ஒரு கையேட்டில் மொத்தம் பத்துப் பேச்சுகள். முதல் பேச்சில் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலிலிருந்து ஆறு நிமிஷம். அதில் வேறு எதையும் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். எழுந்து நின்றதே வெற்றி. இரண்டாவது பேச்சில் தொடக்கம், நடு, முடிவு என்று ஒழுங்கு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மூன்றாவதில், சொல்ல வந்த விஷயத்துக்கு நேராக வந்தீர்களா என்பது. நாலாவதில் சொற்கள், ஐந்தாவதில் உடல் அசைவு, ஆறாவதில் குரலின் ஏற்ற இறக்கம். அதற்குப் பிறகு ஆதாரம் திரட்டுவது, படம் அல்லது பொருளைக் காட்டிப் பேசுவது, கேட்பவரை இணங்கவைப்பது. பத்தாவதாக, கேட்பவருக்கு ஊக்கம் கொடுப்பது.

ஏணி மாதிரியான இந்த வரிசையைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். குரல் நடுங்குகிறதே என்று இரண்டாவது பேச்சில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குரலுக்கு அப்போது முறை வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்ப்பவர் எதையும் சரிசெய்வதில்லை என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் வகுத்த ஒழுங்கு அது.

இப்போது அந்தப் பத்துப் பேச்சுக் கையேட்டுக்குப் பதிலாக, ‘பாத்வேஸ்’ என்ற பெயரில் ஐந்து படிநிலைகள் கொண்ட பாடத்திட்டம் வந்துவிட்டது. நிர்வாகத் திறன், நகைச்சுவை, இணங்கவைத்தல் என்று அவரவர் தேவைக்கேற்ப பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதன் தொடக்க நிலையிலேயே அழகான ஒரு பயிற்சி உண்டு. ஒரு பேச்சைப் பேச வேண்டும். கேட்டவர்கள் சொன்ன கருத்துகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கருத்துகளைச் சேர்த்து இன்னொரு முறை பேச வேண்டும். பிறகு, இன்னொருவர் பேசும்போது நீங்கள் மதிப்பீட்டாளராக உட்கார வேண்டும். மூன்றையும் முடித்தால்தான் அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கு.

பச்சை, மஞ்சள், சிவப்பு!

இந்த மன்றங்களின் கூட்டம் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். அதில் எண்ணுவதற்கென்றே சிலர் இருப்பார்கள்.

முதல் ஆள், நேரம் பார்ப்பவர். ஐந்திலிருந்து ஏழு நிமிஷப் பேச்சு என்றால், ஐந்தாவது நிமிஷத்தில் பச்சை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு அட்டையைக் காட்டுவார். விளக்கு வைத்திருக்கும் மன்றங்களில் விளக்கு எரியும். பச்சை வருவதற்குள் முடித்துவிட்டால் விஷயம் போதவில்லை என்று அர்த்தம். சிவப்பைத் தாண்டினால் கேட்பவர் பொறுமையைச் சோதிக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது ஆள், ‘ஆ... ம்...’ எண்ணுபவர். நம் ஊர்ப் பேச்சில் ‘ஆ’வைவிட அதிகம் வருவது ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘இதுல பாத்தீங்கன்னா’. பேசுபவர் காதில் இவை விழவே விழாது. ‘ரெண்டு நிமிஷத்துல பதினாலு தடவை ‘வந்து’ வந்துச்சுங்க’ என்று இன்னொருவர் சொல்லும்போதுதான் தூக்கிவாரிப்போடும்.

மூன்றாவது ஆள், மொழியைக் கவனிப்பவர். நல்ல சொல்லாட்சியைக் குறித்துப் பாராட்டுவதும், தவறான சொல்லை நாசூக்காகச் சுட்டுவதும் அவர் வேலை.

நாலாவதாக, மதிப்பீட்டாளர். ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒருவர். பேச்சு தொடங்குவதற்கு முன்பே பேச்சாளரிடம் போய், ‘இன்னிக்கு நான் எதைக் கவனிக்கணும்?’ என்று கேட்டுக்கொள்வது நல்ல மதிப்பீட்டாளரின் பழக்கம். இரண்டு, மூன்று நிமிஷத்துக்குள் எது நன்றாக வந்தது, எதை மாற்றலாம், எப்படி மாற்றலாம் என்று சொல்லி முடிப்பார். ‘சூப்பர் சார்’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் அது மதிப்பீடு ஆகாது.

இவை தவிர, தயாரிப்பே இல்லாமல் கொடுத்த தலைப்பில் ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம் பேசும் ‘டேபிள் டாபிக்ஸ்’ பகுதியும் உண்டு. நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது.

தனி உறுப்பினருக்கு மட்டுமல்ல, மன்றத்துக்கும் இலக்கு உண்டு. ஜூலை முதல் ஜூன் வரையிலான ஆண்டில் பத்து இலக்குகள். எத்தனை பேர் படிநிலை முடித்தார்கள், எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், பொறுப்பாளர்கள் பயிற்சி எடுத்தார்களா என்று கணக்கு ஓடும். ஐந்தைத் தொட்டால் ஒரு தகுதி, ஏழைத் தொட்டால் அதற்கு மேல், ஒன்பது என்றால் இன்னும் மேல்.

ஆசையை எப்படி எண்ணுவது?

‘நல்லா பேசணும்’, ‘பயம் போகணும்’, ‘கைத்தட்டல் வாங்கணும்’... புதிதாகப் பேச்சுப் பழக வருபவர்கள் சொல்லும் இலக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இவற்றில் ஒரு சிக்கல். எட்டியாயிற்றா, இல்லையா என்று சொல்ல முடியாது. பயம் எத்தனை கிலோ குறைந்தது என்று எந்தத் தராசில் நிறுப்பது?

அதே ஆசைகளை எண்ணக்கூடிய இலக்காக மாற்றிப் பார்க்கலாம். ‘பயம் போகணும்’ என்பதை, ‘இந்த மாசம் நாலு தடவை எழுந்து பேசுவேன்’ என்று மாற்றலாம். பயம் இருந்தாலும் பரவாயில்லை, நாலு தடவை எழுந்தோமா என்பதுதான் கணக்கு. ‘தடங்கல் இல்லாம பேசணும்’ என்பதை, ‘ரெண்டு நிமிஷத்துல ‘வந்து’ ஐந்துக்கு மேல வரக் கூடாது’ என்று மாற்றலாம். ‘எல்லாரையும் பார்த்துப் பேசணும்’ என்பதை, ‘இடப்பக்கம் ஒருத்தர், நடுவுல ஒருத்தர், வலப்பக்கம் ஒருத்தர்... ஆளுக்கு ஒரு முழு வாக்கியம் முடியுற வரைக்கும் அவங்க கண்ணைப் பார்ப்பேன்’ என்று மாற்றலாம்.

கைத்தட்டல் மட்டும் இந்தப் பட்டியலில் வராது. அது கேட்பவர் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பதை மட்டும்தான் இலக்காக வைக்க முடியும்.

எட்வின் லாக் என்ற உளவியல் அறிஞர் 1960-களிலிருந்து இலக்குகளைப் பற்றி ஆராய்ந்து சொன்னதும் இதைத்தான். ‘முடிந்தவரை நன்றாகச் செய்’ என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாதிக்கிறார்கள்.

இலக்கு வைத்தால் மட்டும் போதுமா? 2016-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு, ஏற்கெனவே நடந்திருந்த 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முன்னேற்றத்தை அவ்வப்போது சரிபார்ப்பவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது என்பது முதல் முடிவு. அதைப் பதிவுசெய்து வைக்கும்போதும், மற்றவர்களுக்குத் தெரியும்படி சொல்லும்போதும் பலன் இன்னும் கூடுகிறது என்பது அடுத்த முடிவு. எழுதுவது, நாலு பேர் முன்னால் சொல்வது... பேச்சு மன்றத்தில் இரண்டும் தானாகவே நடக்கின்றன.

சூளைக்குள் ஒரு கூம்பு

பீங்கான் தொழில் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளைக்குள் பக்குவம் வந்துவிட்டதா என்று கையை விட்டா பார்க்க முடியும்? ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் செகர், 1886-ல் அதற்கு ஒரு வழி கண்டார். குறிப்பிட்ட சூட்டில் வளையும்படி கலவை செய்த சின்னச் சின்னக் கூம்புகளைச் சரக்கோடு சேர்த்துச் சூளைக்குள் வைப்பது. பார்வைத் துளை வழியாகப் பார்க்கும்போது கூம்பு தலைகுனிந்திருந்தால், அந்தச் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். ‘போதும்னு தோணுது’ என்று நெருப்பை நிறுத்துவதற்கும், கூம்பைப் பார்த்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம், சூளையைப் பிரிக்கும்போது தெரிந்துவிடும்.

பச்சை அட்டையும், ‘வந்து’ எண்ணிக்கையும் பேச்சுக்கான கூம்புகள். பேசுபவர் சூளைக்குள் இருக்கிறார். தன் பக்குவம் அவருக்குத் தெரியாது. துளை வழியாகப் பார்த்துச் சொல்ல வெளியே ஒரு ஆள் வேண்டும்.

காந்தியும் தடுமாறினார்!

மேடை நடுக்கத்தை நினைத்து வெட்கப்படுபவர்கள், காந்தியின் சுயசரிதையைப் படித்தால் ஆறுதல் கொள்வார்கள். லண்டனில் சட்டம் படித்த நாள்களில் அவர் சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். ஒருமுறை தன் கருத்தை எழுதிக்கொண்டு போனார். அதைப் படிக்கவும் தைரியம் வராமல், இன்னொருவர்தான் படித்தார். 1891-ல் நாடு திரும்பும் முன் நண்பர்களுக்குக் கொடுத்த விருந்தில் பேச நினைத்து எழுந்தவருக்கு, முதல் வாக்கியத்துக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

அதே காந்தி, 1893-ல் பிரிட்டோரியா நகரில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். தன் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று அவரே அதைக் குறிப்பிடுகிறார். வியாபாரத்தில் உண்மையைக் கடைப்பிடிப்பது பற்றிய பேச்சு அது. இந்த முறை அவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் தெளிவாக இருந்தது. கேட்க வேண்டியவர்கள் யார் என்பதும் தெரிந்திருந்தது. அந்த ஒரு கூட்டத்தோடு விடாமல், தொடர்ந்து கூடுவது என்றும் அங்கே முடிவானது.

தொடர்ந்து கூடிப் பேசுவது தமிழுக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தது 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் என்று வழக்கமானது. கேட்பவர்களுக்குக் கிழமை தெரியும், இடம் தெரியும். பேசுபவருக்குத் தப்பிக்க வழி கிடையாது. இதே நாவலர்தான் 1864-ல், விருத்தாசலத்துக்கு அதிக தூரமில்லாத சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ‘நாவலர்’ என்று ஊர் கொண்டாடும் நாவுக்குப் பின்னாலும் வாராவாரம் தவறாத ஒரு கிழமை இருந்திருக்கிறது.

எண்ணிக்கையில் ஏமாந்துவிட வேண்டாம்

எண்ணுவதிலும் சில பள்ளங்கள் உண்டு.

முதல் பள்ளம், பட்டத்துக்காக ஓடுவது. படிநிலைகள், சான்றிதழ்கள் என்று வந்ததும், அடுத்த வாரமே அடுத்த பேச்சை முடித்துவிட வேண்டும் என்ற வேகம் வந்துவிடும். பேச்சு எண்ணிக்கை ஏறும், பேச்சு ஏறாது. போன முறை மதிப்பீட்டாளர் சொன்ன ஒரு விஷயமாவது இந்த முறை மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது பள்ளம், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவது. பள்ளிக்கூடத்திலிருந்தே மேடை ஏறிப் பழகியவரும், முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாக எழுந்து நிற்பவரும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். இரண்டாமவரின் நோட்டில் அவருடைய போன வார எண்ணிக்கை இருக்கிறது. அவர் ஒப்பிட வேண்டியது அதனோடு மட்டும்தான்.

மூன்றாவது பள்ளம், நேர்க்கோட்டை எதிர்பார்ப்பது. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு முதல் பேச்சில் பதினாலு ‘வந்து’. இரண்டாவதில் பத்து. மூன்றாவதில் பன்னிரண்டு. ‘போச்சு, திரும்ப ஏறிடுச்சு’ என்று நோட்டை மூடிவிடத் தோன்றும். மூன்றாவது பேச்சைக் காகிதம் பார்க்காமல் பேசினாரா, புதிய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்களா என்று பக்கத்திலேயே குறித்துவைத்தால், ஏன் ஏறியது என்பது புரிந்துவிடும். கடினமான வேலையைத் தொடும்போது எண்ணிக்கை கொஞ்சம் கெடுவது இயல்பு.

நாலாவது பள்ளம்தான் ஆழமானது. ‘வந்து’ ஒன்றுகூட இல்லாமல், சரியாக ஏழு நிமிஷம் பேசிவிட்டு, சொல்ல வந்த விஷயமே இல்லாமல் உட்காருவது. கேட்டவர்களிடம் ‘நான் என்ன சொன்னேன், ஒரு வரியில சொல்லுங்க’ என்று கேட்டால் போதும். மூன்று பேரில் இரண்டு பேராவது ஒரே பதிலைச் சொன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

எட்டுப் பேர், ஒரு நோட்டு, ஒரு செல்போன்

முறைப்படி டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் தொடங்க இருபது உறுப்பினர்கள், சந்தா, பதிவு என்றெல்லாம் தேவை. அவர்களுடைய முறையிலிருந்து பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள எதுவும் தேவையில்லை. கம்மாபுரத்தில் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட முடிந்தால் ஆரம்பித்துவிடலாம். நூலகத் திண்ணை, பள்ளி வளாகம், மகளிர் குழு கூடும் இடம், வீட்டு மொட்டைமாடி... எதுவாக இருந்தாலும் சரி. கிழமையையும் நேரத்தையும் மட்டும் மாற்றக் கூடாது.

ஒரு கூட்டத்தில் மூன்று பேர் தயாரித்துக்கொண்டு வந்து பேசலாம். மூன்று பேர் அவர்களுக்கு மதிப்பீட்டாளர்கள். ஒருவர் நேரம் பார்க்கட்டும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்புக்குப் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி வண்ணம் அடித்தால் போதும். எட்டாவது ஆள் ‘வந்து’, ‘அதாவது’ எண்ணட்டும். அடுத்த வாரம் வேலைகள் மாறும். எண்ணும் வேலையைச் செய்தவர், அதற்கடுத்த வாரம் பேசும்போது தன் ‘வந்து’வைத் தானே பிடித்துவிடுவார்.

ஆளுக்கொரு நோட்டு. பக்கத்துக்கு ஆறு வரிகள் எழுதினால் போதும்: தேதி, தலைப்பு, எடுத்துக்கொண்ட நேரம், இன்றைய ஒரே இலக்கு, எண்ணிக்கை என்ன, அடுத்த முறை மாற்றப்போவது என்ன. கடைசி வரியைக் கூட்டத்திலேயே சத்தமாகப் படித்துவிட வேண்டும். நாலு பேர் காதில் விழுந்த வாக்கைக் காப்பாற்றத்தான் மனசு பார்க்கும். விருப்பப்பட்டால் பேச்சைச் செல்போனில் பதிவுசெய்துகொள்ளலாம். முதல் மாதப் பதிவையும் மூன்றாம் மாதப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பதைப் போன்ற சான்றிதழ் வேறு கிடையாது. ஒருவருடைய பதிவை அவர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் பகிர்வதில்லை என்பதை முதல் நாளே விதியாக வைத்துவிட வேண்டும். கேலிக்கு ஆளாவோம் என்ற பயம் வந்துவிட்டால் அந்தத் திண்ணைக்கு ஆள் வர மாட்டார்கள்.

பேசவேண்டியதும் அவரவர் வாழ்க்கையிலிருந்தே வரட்டும். கல்லூரிப் பிள்ளைக்கு ஒன்றரை நிமிஷத்தில் தன் அறிமுகம். சூளை வைத்திருப்பவருக்கு மூன்று நிமிஷத்தில் தன் சரக்கின் தரம். மகளிர் குழுத் தலைவிக்கு வங்கி மேலாளர் முன்னால் கடன் கோரிக்கை. வார்டு உறுப்பினருக்குத் தன் வார்டின் தெருவிளக்கு. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குச் சரிபாதி இடஒதுக்கீடு உண்டு. நாற்காலியைச் சட்டம் கொடுத்துவிட்டது. அதில் உட்கார்ந்து பேசுவதற்கான பழக்கத்தை இந்த மாதிரித் திண்ணைகள்தான் கொடுக்க வேண்டும்.

தேர்வு நாள் ஏற்கெனவே குறித்தாயிற்று!

எந்த இலக்குக்கும் ஒரு கடைசித் தேதி வேண்டும். கிராமத்து ஆட்களுக்கு அதை அரசாங்கமே குறித்துக் கொடுத்திருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள்கள் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் அங்கே பேச உரிமை உண்டு.

ஜூலை முதல் ஞாயிறு தொடங்கினால், ஆகஸ்ட் 15-க்குள் ஆறு வாரம் கிடைக்கும். அந்தக் கிராம சபைக்கான இலக்கு ரொம்பச் சின்னதாக இருக்கட்டும்: எழுந்து நின்று, பெயரையும் தெருவையும் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்பது. அரை நிமிஷம் போதும். கூடவே போகும் தோழி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவிட வேண்டும். அதற்குப் பிறகு, அக்டோபர் 2 வருவதற்குள் இன்னும் ஆறு, ஏழு ஞாயிறுகள். அப்போதைய இலக்கு இரண்டு நிமிஷம்: என்ன குறை, எத்தனை நாளாக, எத்தனை வீடுகளுக்கு, என்ன தீர்மானம் வேண்டும். நாலே நாலு விஷயங்கள், இந்த வரிசையில்.

மைக் சுற்றி வரும்போது கை நடுங்கத்தான் செய்யும். நடுங்கும் கையிலும் மைக்கைப் பிடித்துக்கொள்ளலாம். ‘வணக்கம். நான் இந்தத் தெருவுல இருந்து வர்றேன். எங்க தெருவுல பன்னெண்டு வீடு. பத்து நாளா குழாயில தண்ணி வரல...’ என்று முதல் வாக்கியம் வந்துவிட்டால், திண்ணையில் பன்னிரண்டு ஞாயிறு பேசிப் பழகிய மீதி வாக்கியங்கள் பின்னாலேயே வந்துவிடும்.

கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் முடிந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, ஆறாவது வரியையும் எழுதிவிட வேண்டும். நவம்பர் 1-க்கு இன்னும் நாலு வாரம்தான் இருக்கிறது!